பரமக்குடி வரைக்கும்

மே 2

மைக் வந்துவிட்டது. பதிவு செய்து கேட்டால் அப்பாவின் குரலுக்குப் பின்னால் ஒரு வண்டு. ம்ம்ம்ம்.

மே 3

கேபிளை மாற்றினேன். வண்டு போகவில்லை. மைக் சத்தத்தை வாங்கும் அளவை, அதாவது கெயினைக் குறைத்தால் வண்டு குறைகிறது, அப்பாவும் குறைகிறார். அப்பாவின் குரல் இப்போதே பாதிதான் வருகிறது. கூட்டாமல் முடியாது.

மே 4

அக்னி நட்சத்திரம் இன்று தொடங்கியது, நான் ஃபேனை நிறுத்தி ஜன்னலையும் சாத்தினேன். அப்பாவின் பனியன் நனைந்துவிட்டது. வண்டோடு சேர்ந்து கேட்ட ஒரு கிர்ர் மட்டும் போனது. அது எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரின் வேலை. வேகத்தைக் குறைக்க கரண்டை வெட்டி வெட்டி அனுப்புகிறது. 5-இல் வைத்தால் கிர்ர் இல்லை, காற்று நேராக மைக்கில் அடிக்கிறது.

"பேசட்டுமாப்பா?" என்றார் இரண்டு தடவை.

"இருங்கப்பா, ஒரு நிமிஷம்."

மே 6

ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஸ்பெக்ட்ரம் பார்த்தேன், எந்த அதிர்வில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் படம். 50 ஹெர்ட்ஸில் ஒரு கம்பம். 100-இல் ஒன்று, 150-இல் ஒன்று. நம் ஊர்க் கரண்ட் நொடிக்கு 50 தடவை துடிக்கிறது, மற்றதெல்லாம் அதன் பிள்ளைகள். 50-ஐ வெட்டி எறியலாம், அப்பா அவ்வளவு கீழே பேசுவதில்லை. ஆனால் 100-லும் 150-லும் அப்பா இருக்கிறார். அங்கே கத்தி வைத்தால் அவரும் சேர்ந்து போவார். இரைச்சல் குறைப்பானையும் போட்டுப் பார்த்தேன். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. அழித்தேன்.

ராத்திரி கஞ்சி குடிக்கும்போது அவராகவே பாம்பன் பாலத்தைப் பற்றிச் சொன்னார். 1988-க்கு முன்னால் பஸ்ஸெல்லாம் மண்டபத்தோடு சரி, அதற்கு மேல் ரயில்தான். பாலம் திறந்த பிறகு முதல் தடவை தாண்டியபோது டிக்கெட் கிழிக்க மறந்து ஜன்னலோரம் நின்றாராம். மைக் அடுத்த அறையில் இருந்தது.

மே 7

அக்கா போனில் கேட்டாள்: "இதுவரைக்கும் எத்தனை நிமிஷம் எடுத்திருக்கே?"

நான் எர்த்திங் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

மே 8

9.40-க்குக் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் ஓடியது. ஹெட்போனில் வண்டு இல்லை! சுவர்க் கடிகாரம் கேட்டது. அப்பா வேட்டியைச் சரி செய்வது கேட்டது. "சொல்லுங்கப்பா, சொல்லுங்க" என்று கிட்டத்தட்டக் கத்தினேன்.

"சிலைமான், திருப்புவனம், திருப்பாச்சேத்தி, மானாமதுரையெல்லாம் ஏறு."

அதே இழுப்பு. அம்மா இருட்டில் சிரித்தாள்.

பேட்டரி 11 நிமிடம் தாங்கியது. மானாமதுரையில் ஒரு தடவை சேமித்து வைத்தது நல்லதாய்ப் போயிற்று. நாளைக்கும் கரண்ட் போகட்டும்.

மே 9

போகவில்லை.

ஆனால் திருடன் சார்ஜர் என்று தெரிந்துவிட்டது. லேப்டாப்பின் அடியில் இருக்கும் திருகில் டெஸ்டரை வைத்தால் எரிகிறது. மணிக்கட்டு பட்டால் சுர்ரென்று ஒரு எறும்பு. சார்ஜருக்கு மூன்று பின் இருக்கிறது, அப்புறம் ஏன் என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். பாயிண்டைக் கழற்றிக் காட்டினார். மேலே இருக்கிற பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. பச்சை ஒயரை டேப் சுற்றி மூலையில் செருகி வைத்திருக்கிறார்கள். "கட்டுனதுலேர்ந்தே இப்படித்தான் தம்பி இருந்திருக்கு." இருபத்திரண்டு வருஷம். ஒயர் நீளம் பத்தாதாம், சுவரை உடைக்க வேண்டுமாம். இந்த வாரம் வீட்டில் சுத்தியல் சத்தம் வேண்டாம் என்றேன். ஃபிரிட்ஜ் பாயிண்டில் மட்டும் எர்த் ஒழுங்காக இருக்கிறது.

மே 10

சமையலறையிலிருந்து நீட்டு ஒயர் இழுத்தேன். வண்டு செத்தது.

இப்போது ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் கேட்கிறது. அதைப் பிடுங்கினேன், திரும்பச் செருக மறந்தேன். பால் திரிந்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

மே 11

எல்லாம் தயார். அப்பா பேசவில்லை.

மே 12

34 நிமிடம். மாடி வீட்டு மோட்டார் ஒரு தடவை, நாய் இரண்டு தடவை, இருந்துவிட்டுப் போகட்டும். மானாமதுரையிலிருந்து பார்த்திபனூர், அங்கே ஆட்டுக்குட்டிக்கு டிக்கெட் கேட்டு அடி வாங்கப் பார்த்த கதை, சில்லறைக் கதை. குரல் போய்ப் போய் வந்தது. நடுவில் நான் லேப்டாப்பில் சத்த மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரமக்குடி. வண்டி பத்து நிமிஷம் நிக்கும், டீ சாப்பிடுறவங்க சாப்பிடலாம்."

போய்ப் படுத்துவிட்டார்.

மே 13

அக்கா வந்தாள். 34 நிமிடத்தையும் உட்கார்ந்து கேட்டாள். "வண்டு எங்கடா?" என்றாள்.

பாலத்தைச் சொல்லச் சொல்லி சாயங்காலம் கேட்டேன். சைகையில் நாளைக்கு என்றார்.

மே 14

ஆறு மணிக்கு ஆட்டோ. மைக்கைப் பையில் வைத்தேன். நீட்டு ஒயருக்கு இடமில்லை, அம்மாவின் கூடையில் திணித்தேன். வார்டுப் பாயிண்டில் பச்சை ஒயர் இருக்குமா தெரியவில்லை. டெஸ்டரையும் எடுத்துக்கொண்டேன்.