படிவத்தில் இரண்டே கட்டங்கள்

ஓமானில் எங்கள் பிக்கப் ஒன்று கெட்டது பற்றி மெக்கானிக்கான நான் எழுதிய ரிப்போர்ட்டில் பொய் இல்லை. டிரைவர் காய்ந்த தார் ரோட்டில் 4ஹெச் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டு ஓட்டியதால் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது இன்ஜின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் கியர் பெட்டி, கெட்டது என்றுதான் எழுதினேன். ஆயிலை வடித்தபோது இரும்புத்தூள் மினுங்கியது. பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் 2ஹெச்சுக்குத் திருப்பிய பிறகும் மீட்டரில் 4ஹெச் விளக்கு அணையவில்லை. இதைப் பார்த்த எந்த மெக்கானிக்கும் வேறு மாதிரி எழுதியிருக்க மாட்டார்.

ஆனால் டிரைவர் பையன் என்னிடம் கேட்டது இன்னும் உறுத்துகிறது. "அண்ணே, அஷ்கராவுல இருந்து ஷன்னா வரைக்கும் அந்தக் கடற்கரை ரோட்டுல எது தாரு, எது மணலுன்னு நீங்களே சொல்லுங்க."

"மணல்ல 4ஹெச் போடு, தார்ல எடு. நேராப் போகும்போது நாபைத் திருப்பினாப் போதும், வண்டியை நிறுத்தக்கூட வேண்டாம்" என்றேன். மெதுவாக, அதிக இழுவையோடு போகும் 4எல் என்றால்தான் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து மாற்ற வேண்டும். நான் சொன்னதில் எதுவும் தவறில்லை.

ஓமானில் வண்டி ஓட்டியவர்களுக்கு அந்த ரோடு தெரியும். கரீஃப் என்ற கோடைப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வஹீபா பாலைவனத்து மணல் ரோட்டின் மேல் நாக்கு நாக்காக ஏறிக் கிடக்கும். ஒரு வளைவில் சுத்தமான தார், அடுத்த வளைவில் மணல். மணலும் தாரும் இப்படி மாறி மாறி வரும்போது ஒவ்வொரு முறையும் நாபைத் திருப்பிக்கொண்டு யார் இருப்பார்கள்? அவன் போட்டபடியே விட்டுவிட்டான்.

முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் சென்டர் டிஃபரன்ஷியல் எங்கள் பிக்கப்பில் கிடையாது. 4ஹெச் போட்டால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். வளைவிலோ முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போகின்றன. மணலிலும் ஜல்லி ரோட்டிலும் டயர் லேசாகச் சறுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார் சறுக்க விடாது. முறுக்கு ஷாஃப்டிலும் கியர்களிலும் ஏறிக்கொண்டே போகும், ஸ்டியரிங் கனக்கும், திரும்பும்போது வண்டி குதிக்கும். அந்த நேரத்தில் நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் முறுக்கு விட்டுவிடும். இதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. வேலைக்கு எடுக்கும்போது லைசென்ஸ் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அவன் பக்கம் முழு நியாயம் இருந்தது என்றும் சொல்ல முடியாது. 4ஹெச் இருந்தால் பயமில்லாமல் வேகமாகப் போகலாம் என்று நினைத்திருக்கிறான். ஃபோர் வீல் இழுக்கத்தான் உதவும், பிரேக் பிடிக்கும்போது ஒன்றும் செய்யாது. வேகத்தைக் குறைத்திருந்தால் அந்தச் சின்னச் சின்ன மணல் திட்டுகளை 2ஹெச்சிலேயே தாண்டியிருக்கலாம். மாட்டிக்கொண்டால் டயர் காற்றை இறக்கிக்கொண்டு, அப்புறம் 4ஹெச் போடலாம்.

சரி, இன்னொன்றும் இருக்கிறது. அந்த வண்டியில் முன் டயர் இரண்டும் புதுசு, பின் டயர் இரண்டும் பாதிக்கு மேல் தேய்ந்தவை. ஸ்டாக்கில் இரண்டுதான் இருக்கிறது என்று முன்னால் மட்டும் மாற்றியிருந்தார்கள். முன்னும் பின்னும் டயர் சுற்றளவு ஒன்றாக இல்லாவிட்டால் நேர் ரோட்டில்கூட முறுக்கு ஏறும். இதனால்தான் கெட்டது என்று என்னால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாததை ரிப்போர்ட்டில் எப்படி எழுதுவது? அப்படிப் பார்த்தால் டிரைவர் மேல் சொன்னதைத்தான் என்ன நிரூபித்தேன்?

படிவத்தில் 'டிரைவர் தவறு', 'இயல்பான தேய்மானம்' என்று இரண்டே கட்டங்கள். இயல்பான தேய்மானம் இல்லை என்பது மட்டும் நிச்சயம். முதல் கட்டத்தில் டிக் அடித்தேன். அவன் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியும். சூப்பர்வைசர் கேட்டது கெட்டதற்குக் காரணம்தான், தண்டனை முடிவு செய்வது என் வேலை இல்லை. இந்தப் பதிலை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாகிவிட்டது.

இப்போது புது டிரைவர் வந்தால் சாவி கொடுப்பதற்கு முன் யார்டில் 4ஹெச் போட்டு முழு ஸ்டியரிங் ஒடித்து ஒரு வட்டம் அடிக்கச் சொல்கிறேன். யார்டுத் தரை சிமென்ட். வண்டி முரண்டுவது கைக்கே தெரியும், பேச்சு தேவையில்லை. ஆனால் பாதி மணலும் பாதி தாருமான ரோட்டில் எதில் வைத்து ஓட்டுவது என்று கேட்டால், ஒருவனிடம் ஒன்றும் அடுத்தவனிடம் வேறொன்றும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.