24 ஆட்சேபங்கள்

"இதற்கு மனம் புண்படுமா?" என்று, நாங்கள் செய்த செயற்கை நுண்ணறிவுப் படிப்புத் துணையைக் காட்டி ரபி, யூத மத ஆசிரியர், கேட்டார். படாது என்றேன். "அப்படியானால் இதோடு படிக்கிறவன் எதைக் கற்றுக்கொள்வான்?"

அன்றைக்கு நான் சொன்ன பதிலை இப்போதும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். சில நாள் சரியாகப் படுகிறது. சில நாள் அவர் கேட்டதற்கு அது பதிலே இல்லை என்று தோன்றுகிறது.

யூதர்களின் சமயச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதைத் தனியாக உட்கார்ந்து படிப்பது மரபில்லை. இருவர் எதிரெதிரே அமர்ந்து, சத்தமாக வாசித்து, ஒருவர் சொல்லும் விளக்கத்தை மற்றவர் உடைக்கப் பார்க்க வேண்டும். ஹவ்ரூதா என்பார்கள். ஏடு அச்சாகும் விதமே அப்படித்தான்: நடுவில் மூலம், ஒரு பக்கம் இடைக்கால உரையாசிரியர் ராஷியின் உரை, மறுபக்கம் அந்த உரையைக் கேள்வி கேட்கும் தோசாஃபோத். அதை எழுதத் தொடங்கியவர்களில் ராஷியின் சொந்தப் பேரன்மாரும் உண்டு. தாத்தாவை மறுத்தது தாத்தாவின் பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. இந்த வேலைக்கு வந்த புதிதில் என்னை இழுத்துப் பிடித்தது இதுதான்.

நாங்கள் செய்தது இந்த ஹவ்ரூதாவுக்கு ஒரு செயற்கை நுண்ணறிவுத் துணை. அதன் பதில்களைச் சோதிப்பது என் பொறுப்பு. யெஷிவாவில், அதாவது யூத சமயக் கல்விக்கூடத்தில், வெகுகாலம் கற்பித்த அந்த ரபி எங்கள் ஆலோசகர். முதல் வடிவத்தில் அவர் வேண்டுமென்றே ஒரு தப்பான விளக்கத்தைத் தட்டச்சு செய்தார். அது "நல்ல பார்வை" என்று பாராட்டி, அதற்கு ஆதாரமாக ஒரு பராய்தாவையும், அதாவது தல்மூதின் அடிப்படைச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் சேராத பழைய போதனை ஒன்றையும் காட்டியது. அப்படி ஒரு பராய்தாவே கிடையாது.

அவர் கோபப்படவில்லை. தல்மூதின் பாவா மெட்ஸியா பகுதியில் 84ஆம் ஏட்டில் உள்ள கதையைச் சொன்னார். ரபி யோஹனானின் படிப்புத் துணை ரேஷ் லாகிஷ் இறந்துபோகிறார். துக்கத்தில் இருப்பவரைத் தேற்ற, கூர்மையானவர் என்று பெயரெடுத்த எலாசர் பென் பெதாத்தை அனுப்புகிறார்கள். யோஹனான் எதைச் சொன்னாலும் எலாசர், "உங்களுக்கு ஆதரவாக ஒரு பராய்தா இருக்கிறது" என்கிறார். யோஹனான் வெடிக்கிறார்: நீ லாகிஷின் மகனுக்கு, அந்த ரேஷ் லாகிஷுக்கு, ஈடா? நான் ஒன்று சொன்னால் அவன் 24 ஆட்சேபம் சொல்வான், நான் 24 பதில் சொல்வேன், அதில் சட்டம் தானாக விரிந்தது. நான் சொன்னது சரி என்று எனக்கே தெரியாதா?

"எலாசர் காட்டிய பராய்தாக்களாவது உண்மையானவை" என்று முடித்தார் ரபி.

காரணம் எனக்குத் தெரியும். எந்தப் பதில் பிடித்திருக்கிறது என்று மனிதர்களைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த மாதிரிகளைப் பழக்குகிறோம். ஆமாம் போடும் பதில் நமக்குப் பிடித்துவிடுகிறது. சரி, மாற்றலாம் என்று இறங்கினோம். மூலத்தில் தேடி எடுத்த பகுதியை மட்டுமே மேற்கோள் காட்ட வேண்டும், பயனர் சலித்துக்கொண்டார் என்பதற்காகப் பின்வாங்கக் கூடாது, ஆட்சேபத்தை முதலில் சொல்ல வேண்டும். ரபி புதிய வடிவத்தோடு ஒரு மாலை முழுக்க மல்லுக்கட்டினார். இரண்டு இடங்களில் அது தோசாஃபோத் கேட்ட கேள்வியையே கேட்டது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

நான் சொன்னது இது: "துணையே கிடைக்காதவருக்கு இது போதாதா? 'துணை, இல்லையேல் சாவு' என்று தல்மூதே சொல்கிறதே."

"அது எந்தக் கதையின் முடிவில் வருகிறது?" என்று கேட்டு அவரே சொன்னார். ஹோனி என்ற பழைய அறிஞர் 70 வருடம் தூங்கி எழுந்து படிப்பு மண்டபத்துக்குப் போகிறார். அங்கே அவர் பெயரைச் சொல்லித்தான் புகழ்ந்துகொண்டிருக்கிறார்கள். நான்தான் ஹோனி என்கிறார். யாரும் நம்பவில்லை. மனம் உடைந்து சாவை வேண்டிப் பெறுகிறார். "ஆட்சேபம் கிடைக்காமலா செத்தார்? அவரை அறிந்த ஒருவர் இல்லாமல் செத்தார்."

நான் மேலே பேசவில்லை. வெளியிடலாம் என்றுதான் கையெழுத்திட்டேன்.

அதற்கு என்னிடம் நியாயம் இருக்கிறது. தினம் ஓர் ஏடு என்று 1923இல் தொடங்கிய வாசிப்புச் சுற்றில் 2,711 ஏடுகள், முடிக்க ஏழரை வருடம். ரயிலிலும், பிள்ளைகள் தூங்கிய பிறகும் தனியாகவே அதைப் படிக்கிறவர்கள் ஏராளம். பெண்களுக்குப் படிப்பு மண்டபத்தின் கதவு நூற்றாண்டுக் கணக்கில் மூடிக் கிடந்தது. 2017இல் செஃபாரியா என்ற இணைய நூலகம், அறிஞர் ஸ்டைன்சால்ட்ஸின் தல்மூத் மொழிபெயர்ப்பை இலவசமாகத் திறந்துவிட்டது பெரிய காரியம். ஆனால் ஏடு கையில் இருந்தும் எதிரே ஆள் இல்லையே. அவர்களிடம் போய், மனிதத் துணை கிடைக்கும்வரை காத்திருங்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

தவிர, ரபி சொன்ன அதே ஏட்டை அப்புறம் நானும் படித்தேன். ரேஷ் லாகிஷ் எப்படி இறந்தார்? வாளும் கத்தியும் எந்தக் கட்டத்தில் முழுமையான பொருளாகின்றன என்ற வாக்குவாதத்தில், அவருடைய பழைய வாழ்க்கையை யோஹனான் குத்திக்காட்டுகிறார்: கொள்ளைக்காரனுக்குத் தன் தொழில் தெரியும் என்று. அந்த வாக்குவாதத்துக்குப் பிறகு நோயில் விழுந்த ரேஷ் லாகிஷ் பிழைக்கவில்லை. அப்படியானால் புண்படாத துணை நல்லதுதானே? யாரும் சாகாமல் 24 ஆட்சேபம்.

இப்படி நினைத்து நிம்மதி அடைந்த அன்றைக்கே அடுத்த வரிகள் உறுத்தின. யோஹனான் உடையைக் கிழித்துக்கொண்டு, "லாகிஷின் மகனே, எங்கே இருக்கிறாய்?" என்று அழுதபடி அலைகிறார், புத்தி பேதலிக்கும்வரை. அவர் தேடியது ஆட்சேபத்தை மட்டும் என்றால், இன்னொரு கூர்மையான ஆளை அனுப்பித் தீர்த்திருக்கலாம். ஒரு சொல் எதிரே இருப்பவரை என்ன செய்யும் என்பதை அவர் கற்றதும் அந்த உறவில்தான், மிகத் தாமதமாக. எங்கள் மென்பொருளிடம் ஒரு மாணவன் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அது அடுத்த ஆட்சேபத்துக்குப் போய்விடும். ரபி கேட்டது இதைத்தான் என்று இப்போது புரிகிறது. புரிந்தும் என் முடிவு மாறவில்லை என்பதுதான் என்னைக் குழப்புகிறது.

இப்போது குழுவில் வேறொரு விவாதம். ஆட்சேபம் அதிகமாக இருப்பதாகப் பயனர்கள் சிலர் சொல்கிறார்கள். அதை அணைத்துவைக்க ஒரு பொத்தான் வேண்டுமாம். கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதே குறிப்பில், ஒரே ஏட்டைப் படிக்கும் இரண்டு பயனர்கள் விரும்பினால் ஒருவரையொருவர் தொடர்புகொள்ள வழி செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறேன். செலவு அதிகம், எங்கள் வேலை அதுவல்ல என்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்பேன்.