அம்மாவுக்கு அக்கி, எனக்கு ஊசி

அம்மாவுக்கு இடுப்பில் வலப்பக்கம் மட்டும் எரிச்சல். சுளுக்கென்று தைலம் தேய்த்தோம். மறுநாள் கொத்தாகக் கொப்புளம். "அக்கிடி இது, வேளார்கிட்ட எழுதிட்டு வாங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. மண்பானை செய்யும் அந்த வேளார் பெரியவர் காவியைக் குழைத்து, கோழி இறகால் கொப்புளத்தைச் சுற்றி சிங்கம் வரைந்தார். பிடரியெல்லாம் வைத்த அழகான சிங்கம். மூன்று நாள் எழுதி, ஐந்தாம் நாள்தான் டாக்டரிடம் போனோம்.

"72 மணி நேரத்துக்குள்ள வந்திருக்கலாமே" என்றபடியே வைரஸை அடக்கும் வாலாசைக்ளோவிர் மாத்திரை எழுதினார். புண் மூன்று வாரத்தில் ஆறியது. வலிதான் ஏழு மாதம் போகவில்லை. கொசுவம் உரசினாலே அம்மா துடித்துப்போவாள்.

சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் சாகாதாம்; நரம்பு வேரில் பதுங்கியிருந்து, பின்னால் அக்கியாக எழுமாம். அதை எழவிடாமல் காப்பவை டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள். அவற்றைப் பழக்கி அனுப்பும் தைமஸ் சுரப்பி வாலிபத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடும். எழுபதில் காவல் தளர்ந்துவிடும். "உங்களுக்கும் 52 ஆச்சே?" என்று என்னைப் பார்த்தார் டாக்டர்.

அக்கியைத் தடுக்கும் ஷிங்ரிக்ஸ் ஊசி 50 வயதுக்கு மேல் போடலாம், இரண்டு டோஸ். நாலு மருந்துக்கடையில் கேட்டேன், ஸ்டாக் இல்லை. ஐந்தாவது கடையில் முன்பணம் கட்டி, ஐஸ் பெட்டியில் வாங்கிப்போனேன். ஒரு டோஸ் பத்தாயிரத்துக்கு மேல். "அதுக்குக் கொஞ்சம் தங்கம் வாங்கியிருக்கலாம்" என்று அம்மா புலம்பினாள். அக்கி வந்தவர்களும், புண் ஆறியபின் போட்டுக்கொள்ளலாம் என்று அவளையும் உட்கார வைத்தார் டாக்டர்.

வயதான உடம்பு சாதாரண தடுப்பூசியை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. அதனால் இதில் உசுப்பிவிட ஒரு துணைமருந்தும் சேர்க்கிறார்கள். அதில் ஒரு பொருள் தென்னமெரிக்க மரப்பட்டையிலிருந்து வருகிறது. காவிமண்ணைக் கேலி செய்த எனக்கு அதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது.

அன்றிரவு எனக்குக் குளிர்காய்ச்சல், கை தூக்க முடியவில்லை. டோலோ போட்டுப் படுத்தேன். அம்மாவுக்குக் கை வலி மட்டும். எழுபது தாண்டியவர்களுக்கு இந்தத் தொந்தரவு குறைவாகவே வருமாம். இரண்டு மாதம் கழித்து அடுத்த டோஸுக்கு வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போனோம், சனி ஞாயிறு படுத்துக்கொள்ளலாமே என்று. அப்படியே ஃப்ளூ ஊசியையும் கேட்டு வைத்தேன். அது வருஷா வருஷம் போட வேண்டியது.

"நீ படு, கஞ்சி நான் வைக்கிறேன்" என்றாள் அம்மா.