அம்மாவின் கால் விறைப்பு

அம்மாவுக்குப் புற்றுநோய்க்கான கீமோ முடிந்து மூன்று மாதம். தலைமுடி திரும்ப முளைத்துவிட்டது. ஆனால் அம்மாவின் விரல் நுனிகளும் உள்ளங்கால்களும் இன்னும் விறைப்புத்தான், தொட்டால் சரியாகத் தெரியாது. பஞ்சின் மேல் நடப்பது போல இருக்கிறதாம். இரவில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு எரிவு. சட்டைக் கொக்கியை மாட்டவே பத்து நிமிடம் பிடிக்கிறது.

போன வெள்ளி திருகோணமலை கோணேசர் கோயிலுக்குப் போனோம். மத்தியான வெயிலில் கல் தரை கொதித்தது. நான் துள்ளித் துள்ளி நடக்க, அம்மா ஆறுதலாக வந்தார். எனக்கு அப்போது விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு குதியிலும் கொப்புளம். அவருக்குத் தெரியவே இல்லை.

பாக்லிடாக்செல், ஒக்சாலிபிளாட்டின், வின்கிறிஸ்டின் போன்ற கீமோ மருந்துகள் நரம்பைத் தாக்குவதால் வருவது இந்த விறைப்பும் எரிவும். நீளமான நரம்புகளின் முனையில்தான் முதலில் காட்டும். நோவுக்கு ஓரளவு பலன் தரும் என்று ஆய்வில் தெரிந்த மாத்திரை டுலொக்செடின். விறைப்பை அது பெரிதாக மாற்றாது. மார்பகப் புற்றுநோய்க்கு டமொக்சிஃபென் எடுப்பவர்கள் அதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், இரண்டும் ஒத்துவராமல் போகலாம். நரம்புக்கு நல்லது என்று விற்கும் அசிட்டைல் எல் கார்னிடின் வேண்டாம், ஆய்வில் அது விறைப்பைக் கூட்டியது.

கீமோ நடக்கும்போதே விறைப்புத் தொடங்கினால் மறைக்காதீர்கள். மருந்தின் அளவைக் குறைக்கலாம், தள்ளிப்போடலாம். அம்மா "பொறுத்துக்கொள்ளலாம்" என்று சொல்லாமலே இருந்துவிட்டார். அதுதான் எனக்கு இன்னும் மனவருத்தம்.

இப்போது பின்னேரங்களில் செருப்போடு கடற்கரையில் நடக்கிறோம். கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போனால் நீரின் சூட்டை முதலில் நான் தொட்டுப் பார்க்கிறேன். அப்புறம், படுக்கும் முன் டோர்ச் அடித்து அவரின் பாதங்களைப் பார்ப்பதும் என் வேலை.