மாற்றுக் கட்சி மாமாவோடு பேசுவது

தேர்தல் தேதி அறிவித்த வாரத்திலேயே குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் புகைய ஆரம்பித்துவிடும். மாமா ஒரு மீம் போடுவார். மச்சான் ஸ்டிக்கரில் பதில் சொல்வார். சித்தப்பா பையன் பழைய ஊழல் பட்டியல் ஒன்றைத் தேடி எடுத்து இறக்குவான். வாக்குப்பதிவு முடிவதற்குள் இரண்டு பேருக்குப் பேச்சுவார்த்தை நின்றிருக்கும். அடுத்த காதுகுத்துக்கு யாரை எப்படி அழைப்பது என்று அத்தை தவித்துக்கொண்டிருப்பார். இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து, ‘சொந்தக்காரங்ககிட்ட அரசியல் பேசாதீங்க’ என்பது. நடக்கிற காரியமா? டீக்கடை பெஞ்சு முதல் துக்க வீட்டுத் திண்ணை வரை அரசியல் பேசுகிற ஊர் நம்முடையது. பேசட்டும். எங்கே, எதை, யார் முன்னால் பேசுகிறோம் என்பதில் கொஞ்சம் கவனம் இருந்தால் போதும்.

அதிலும் ‘யார் முன்னால்’ என்பதுதான் முக்கால்வாசி. இரண்டு பேர் தனியாக உட்கார்ந்து அரசியல் பேசி உறவு முறிவது அபூர்வம். குரல் உயரும், டீ ஆறும், பிறகு ‘சரி விடு, நாளைக்குப் பார்ப்போம்’ என்று கிளம்பிவிடுவார்கள். பார்த்துக்கொண்டிருக்க மூன்றாவது ஆள் வந்ததும் கதை மாறுகிறது. அதற்குப் பிறகு பேசுவது எதிரில் இருப்பவருக்காக இல்லை, வேடிக்கை பார்ப்பவர்களுக்காக. ‘ஆமாம், அந்த விஷயத்தில் நீ சொல்றது சரிதான்’ என்று தனியாக ஒப்புக்கொள்ளக்கூடிய மனுஷன், மருமகன் முன்னால் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டார். 30 பேர் உள்ள குழுவில் இரண்டு பேர் வாதாடினால் 28 பேர் பார்வையாளர்கள். அதில் ஒருவர் கைதட்டும் எமோஜி போட்டாலே சமாதானத்துக்கு இருந்த வழி அடைபட்டுவிடும்.

எனவே வாட்ஸ்அப்பில் செய்ய வேண்டிய முதல் வேலை, பேச்சைக் குழுவிலிருந்து வெளியே கொண்டுவருவது. மாமாவின் பதிவை அழுத்திப் பிடித்தால் மேலே மூன்று புள்ளி மெனு வரும். அதில் தனியாகப் பதில் அனுப்பும் வசதி இருக்கிறது. அந்தப் பதிவும் மேற்கோளாகவே அவருடைய தனி உரையாடலுக்குப் போய்விடும். இதைவிட நல்லது போன் போடுவது. எழுத்தில் குத்தலாகத் தெரிகிற வரி குரலில் கேட்டால் பாதி மழுங்கிப்போகும்.

குழு அட்மினாக இருப்பவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. யார் போட்ட பதிவையும் அழிக்கும் அதிகாரம் அட்மினுக்கு இருக்கிறது. ஆனால் அழித்த இடத்தில் ‘அட்மின் நீக்கினார்’ என்ற தடயம் பெயரோடு எல்லோர் கண்ணிலும் படும். 60 வயது பெரியப்பாவின் பதிவை 25 வயது அட்மின் அழித்தால், பதிவில் இருந்த பொய்யை எல்லோரும் மறந்துவிடுவார்கள், அவமானம்தான் நிற்கும். பெரியப்பாவுக்குப் போன் செய்து, ‘இது பழைய படமாம் பெரியப்பா, நீங்களே எடுத்துட்டா நல்லா இருக்கும்’ என்று சொல்லுங்கள். அனுப்பிய ஆளே எல்லோருக்குமாக அழிக்க இரண்டு நாளுக்கு மேல் அவகாசம் இருக்கிறது. சூட்டில் நீங்கள் எதையாவது தட்டிவிட்டால் திருத்த 15 நிமிடம்தான்.

கோபத்தில் குழுவை விட்டு வெளியேறுவதும் வேண்டாத வேலை. இப்போதெல்லாம் வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும் என்றாலும், விலகியவர்கள் பட்டியலில் 60 நாள் பெயர் இருக்கும். யாராவது பார்த்து ‘அவன் கோச்சுக்கிட்டுப் போயிட்டான்’ என்று கிளப்பிவிடுவார்கள். எட்டு மணி நேரமோ ஒரு வாரமோ மியூட் செய்துவிட்டு இருந்த இடத்திலேயே இருங்கள்.

இரட்டை அம்புக்குறியோடு வரும் பதிவுகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பல கை மாறி வந்தது என்பதற்கு வாட்ஸ்அப் போடும் அடையாளம் அது. ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மேல் அதை அனுப்ப முடியாது. இப்படி வந்ததற்குக் கோபப்பட வேண்டிய ஆள் மாமா இல்லை. அவர் எழுதவில்லை, தள்ளிவிட்டிருக்கிறார். ‘நீங்க பொய் சொல்றீங்க’ என்பதற்குப் பதில் ‘உங்களுக்கு யாரோ தப்பா அனுப்பியிருக்காங்க’ என்று ஆரம்பித்தால் அவர் பின்வாங்க ஒரு வாசல் கிடைக்கும். ஆதாரம் காட்டுவதிலும் விவரம் வேண்டும். தினமலர் படிப்பவரிடம் முரசொலியை நீட்டினால் வேலைக்கு ஆகாது, மாற்றிச் செய்தாலும் அதே கதிதான். அவர் நம்புகிற இடத்திலிருந்தே எடுத்துக் காட்டுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் மறுக்க முடியாத காகிதத்துக்குப் போங்கள். வேட்பாளரின் சொத்தும் வழக்கும் பற்றிய சண்டை என்றால், வேட்புமனுவோடு அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் படிவம் 26 தேர்தல் ஆணைய இணையதளத்தில் இருக்கிறது. அரசுச் செலவு பற்றியது என்றால் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை இருக்கிறது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் குறை எழுதும் அறிக்கை அது, அதனால் எல்லோருக்கும் ஒரு நாள் உதவும், ஒரு நாள் உறுத்தும்.

மாற்றுக் கட்சிக்காரர்கள் ஒரே அறையில் மணிக்கணக்கில் உட்கார்ந்தும் கைகலப்பு இல்லாமல் எழுந்து போகும் இடம் ஒன்று இருக்கிறது: வாக்குச்சாவடி. அங்கே வேட்பாளர்கள் சார்பில் உட்காரும் பூத் ஏஜெண்டுகள் பெரும்பாலும் ஒரே தெருவையோ பக்கத்துத் தெருவையோ சேர்ந்தவர்கள். பிரச்சாரம் முடிகிற நாள் வரை எதிரெதிர் மைக்கில் கத்தியவர்கள்கூட இருப்பார்கள். விடிகாலையில் மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். எல்லா வேட்பாளருக்கும் நோட்டாவுக்குமாகக் குறைந்தது 50 வாக்கு போட்டுப் பார்த்து, கணக்கு சரியா என்று ஒப்பிட்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இயந்திரத்துக்கு முத்திரை வைக்கும் காகிதத்தில் அத்தனை கட்சி ஏஜெண்டும் கையெழுத்துப் போடுவார்கள். பகலில் ‘இந்த ஆள் அந்த வாக்காளர் இல்லை’ என்று ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் சத்தம் போட வேண்டியதில்லை. 2 ரூபாய் கட்டி ஆட்சேபம் சொல்லலாம். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் அங்கேயே விசாரித்து முடிவு சொல்வார். வீம்புக்குச் சொன்ன ஆட்சேபம் என்று தெரிந்தால் அந்த 2 ரூபாய் போச்சு. மாலையில் பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சி எல்லா ஏஜெண்டுக்கும் ஒரே மாதிரி நகலாகக் கிடைக்கும். மதியம் வரும் சாப்பாட்டுப் பொட்டலத்தில் ஊறுகாயும் அப்பளமும் கட்சி பார்க்காமல் கைமாறும்.

அங்கே ஏன் முடிகிறது? மூன்று காரணம் தெரிகிறது. கைதட்ட ஆள் இல்லை, 100 மீட்டருக்குள் பிரச்சாரமே கூடாது. சச்சரவுக்குரிய விஷயம் சின்னதாக வரையறுக்கப்பட்டிருக்கிறது: இந்தப் பெயர், இந்த வரிசை எண், இந்த ஆள் சரியா? எந்தக் கட்சி நல்ல கட்சி என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. கடைசியாக, ஆட்சேபம் சொல்ல ஒரு விலை உண்டு. அதே ஆட்கள் அந்த எல்லைக்கு வெளியே, ஒரு மேஜை இரண்டு நாற்காலி போட்ட கட்சிப் பந்தலுக்கு வந்தால் குரல் தானாக ஏறிவிடும்.

வீட்டுப் பேச்சுக்கும் இந்த இரண்டாவது காரணம் அப்படியே பொருந்தும், கேள்வியைச் சின்னதாக்க வேண்டும். ‘இலவசம் குடுத்தே நாட்டைக் கெடுத்துட்டாங்க’ என்று சித்தப்பா ஆரம்பித்தால் அதற்குப் பதிலே கிடையாது. அதே பந்தியில் அரசின் மகளிர் உரிமைத்தொகை வாங்கும் அண்ணி இலையில் குனிந்திருப்பார், அது வேறு. ‘எந்தத் திட்டத்தைச் சொல்றீங்க சித்தப்பா? பஸ்ஸா, லேப்டாப்பா, சத்துணவா?’ என்று கேளுங்கள். ஒன்றைச் சொன்னதும் பேச்சு தரையில் இறங்கிவிடும்.

சத்துணவு என்று வந்தால் அதிர்ஷ்டம். 1920-இல் பி. தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் உணவு கொடுக்க ஆரம்பித்தது; 1956-இல் காமராஜர் மாநிலம் முழுக்க மதிய உணவாக்கினார்; 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், 1989-இல் வந்த கலைஞர் ஆட்சி முட்டை சேர்த்தது, ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதமும் மசாலா முட்டையும் வந்தன, 2022-இல் ஸ்டாலின் காலை உணவு தொடங்கினார். பந்தியில் யார் எந்தக் கட்சியாக இருந்தாலும் பெருமைப்பட ஒரு பங்கு இருக்கிறது. அடுத்த கட்சியின் பங்கை நீங்களே முதலில் எடுத்துச் சொல்லிவிட்டால், எதிரில் இருப்பவருக்குக் கையை இறுக்கி வைத்திருக்கக் காரணமில்லாமல் போகும். முட்டை அழுகிவந்த பள்ளியைப் பற்றியும் பிறகு பேசலாம், யாரும் தலைவரைத் திட்டியதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தலைவர்களைத் தொடும்போது மட்டும் கை பதமாக இருக்க வேண்டும். பல வீடுகளில் கட்சி என்பது யோசித்து எடுத்த முடிவு இல்லை, தாத்தா கொடுத்துவிட்டுப் போனது. சாமி படத்துக்குப் பக்கத்தில் எம்.ஜி.ஆர். படம் இருக்கும் வீட்டில் அவரைக் கேலி செய்வது அந்த வீட்டுப் பாட்டியைக் கேலி செய்வதற்குச் சமம். எவ்வளவு கடுமையாக விமர்சித்தாலும் ‘சொன்னார், செய்தார்’ என்றே பேசுங்கள். ‘சொன்னான்’ என்று ஒருமுறை வாய் தவறினால் அடுத்த அரை மணி நேரம் அதைப் பற்றித்தான் பேச்சு. ‘நீங்க அடிச்ச கொள்ளை’ என்றும் சொல்லாதீர்கள். மளிகைக் கடை வைத்திருக்கும் மாமா எதையும் அடிக்கவில்லை. கட்சியின் பெயரைச் சொல்லி, எந்த ஆண்டு, எந்தத் துறை என்று சொல்லுங்கள்.

அரசியலில் எதிரெதிராக நின்றும் உறவு காத்ததற்குப் பெரியாரையும் ராஜாஜியையும் எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள், ஆனால் வெறும் ‘நட்பு’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒருவர் ஈரோடு நகராட்சியிலும் மற்றவர் சேலம் நகராட்சியிலும் தலைவராக இருந்த காலத்துப் பழக்கம் அது. 1938-இல் ராஜாஜி ஆட்சியின் கட்டாய இந்தியை எதிர்த்துப் பெரியார் சிறைக்குப் போனார். 1953-இல் வந்த ராஜாஜியின் கல்வித் திட்டத்தைக் ‘குலக்கல்வி’ என்று பெரியார் கிழித்தெறிந்தார். அந்த எதிர்ப்புக்கு நடுவேதான் 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். ஒருவரும் ஒரு வார்த்தைகூட இறங்கவில்லை. இதற்கு இடையில், 1949-இல், தன் திருமணம் தொடர்பாகப் பெரியார் ராஜாஜியைத் திருவண்ணாமலையில் சந்தித்துப் பேசினார். பெரியாரின் சொந்த இயக்கமே அந்தத் திருமணத்தால் கொந்தளித்தது, ஊகங்கள் பறந்தன. அப்போதும் இருவரும் தனியாகப் பேசியதை ஒருவருக்கொருவர் எதிராக மேடையில் எடுத்து வீசவில்லை. 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது 93 வயதுப் பெரியார் மயானம் வரை வந்து அழுதார்.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தத் திருவண்ணாமலைப் பகுதிதான். நண்பன் உங்களிடம் தனியாக, ‘எங்க வேட்பாளர் சரியில்லைதான்டா’ என்று சொல்லியிருப்பான். நாளைக்குக் குழுவில் வாதம் முற்றும்போது, ‘நீயே அன்னிக்குச் சொன்னியே’ என்று எடுத்து விடத் தோன்றும். அந்த வாதத்தில் ஜெயித்துவிடலாம், சந்தேகமில்லை. இனி அவன் எதையும் உங்களிடம் மனம்விட்டுச் சொல்ல மாட்டான், அவ்வளவுதான்.

யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று கேட்பதையும் விட்டுவிடலாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு, யாருக்கு வாக்களித்தோம் என்று சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. போட்ட ஓட்டைக் காட்டும் ஒப்புகைச் சீட்டுகூட 7 நொடி கண்ணாடிக்குள் தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழுந்துவிடும். கணவன் மனைவியிடமும் முதலாளி வேலையாளிடமும் சிரித்துக்கொண்டே கேட்டாலும் அது விசாரணைதான்.

மரியாதைக்கும் எல்லை உண்டு. கட்சிப் பேச்சு சாதிப் பேச்சாக வழுக்கும் இடம் நம் ஊரில் எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ‘அவர் கருத்து அவருக்கு’ என்று சிரித்துக்கொண்டு உட்காருவது பண்பு இல்லை. சம்பந்தப்பட்ட ஆள் அந்த அறையிலேயே இருக்கலாம். குரலை உயர்த்தாமல், அதே நிமிடத்தில், ‘இதை இங்க பேச வேணாம் மாமா’ என்று சொல்லிவிட வேண்டும். அவர் மூஞ்சியைத் தூக்கினால் தூக்கட்டும்.

மிச்சம் இருப்பது வாக்கு எண்ணும் நாள். குடும்பக் குழுவுக்கு வருடத்திலேயே ஆபத்தான நாள் அதுதான். முந்தின இரவே சொல்லிவைத்துவிட்டு, குழுவில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று அமைப்பை மாற்றிவிடுவது நல்லது, மறுநாள் திறந்துகொள்ளலாம். இதைச் செய்ய மனமில்லை என்றால் ஒரு கணக்கையாவது நினைவில் வையுங்கள். காலை 8 மணிக்குத் தபால் வாக்கில் தொடங்குவார்கள், அரை மணி கழித்துத்தான் இயந்திரங்கள். ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு வழக்கமாக 14 மேஜை. சுமார் 300 வாக்குச்சாவடி என்றால் 20 சுற்றுக்கு மேல் போகும். சாவடி எண் வரிசையில் எண்ணுவதால் முதல் சுற்றுகளில் வருவது தொகுதியின் ஏதோ ஒரு மூலை மட்டும். 10 மணிக்கு ‘முன்னிலை’ என்று பட்டாசு ஸ்டிக்கர் போட்டவர்கள் 2 மணிக்குத் தேடினாலும் கிடைக்காமல் போவது இதனால்தான்.

முடிவு வந்த பிறகு, உங்கள் பக்கம் ஜெயித்திருந்தால் தோற்ற பக்கத்து மாமாவுக்கு அன்றைக்கே போன் செய்யாதீர்கள். எவ்வளவு பணிவாகப் பேசினாலும் குத்துவதாகத்தான் கேட்கும். இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு அரசியல் சேராத ஒரு வேலையோடு கூப்பிடுங்கள். மோட்டார் ரிப்பேருக்கு ஆள் யார், அந்த ஜோசியர் நம்பர் இருக்கிறதா, இப்படி அவர் உங்களுக்கு உதவ வேண்டிய ஏதாவது ஒன்று. தேர்தலை அவரே எடுத்தால், ஏன் தோற்றார்கள் என்று நீங்கள் விளக்கப் போகாமல், என்ன நடந்தது என்று நினைக்கிறார் என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் உங்களைவிடக் கடுமையாகவே அவர் சொந்தக் கட்சியைத் திட்டுவார். அந்த நேரத்தில் கூடச் சேர்ந்து திட்டிவிடாதீர்கள்.