கலங்கலுக்கு அப்புறம் என்ன நிறம்?

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் கீழ்க்கட்டளை ஏரியின் கலங்கலில், அதாவது ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடத்தில், ஆரம்பித்து, தண்ணீர் போகும் வழியைத் தேடி நாராயணபுரம் ஏரி வரைக்கும் நடந்தோம். அப்பா முப்பது வருஷம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கட்டட வரைபடம் போடும் வேலையில் இருக்கிறேன்.

செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நன்மங்கலம், அது நிரம்பினால் கீழ்க்கட்டளை, அப்புறம் நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், கடல். தென்சென்னையில் இப்படிப் பல ஏரித் தொடர்கள் பள்ளிக்கரணையில் வந்து சேர்கின்றன.

கலங்கலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் கால்வாய் நன்றாகத் தெரிந்தது. ஒரு தெருமுனையில் சிறுத்து, ஸ்லாப் போட்டு மூடிய வடிகாலாகிவிட்டது. அப்பா பழைய புலப்பட (நில அளவை வரைபட) நகலை விரித்தார். "இங்க பாரும்மா, இந்த சர்வே நம்பருக்குள்ள ரெண்டு கோடு சேர்ந்து ஓடுது. அதுதான் வாய்க்கால்." நாங்கள் நின்ற இடத்தில் அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒரு மதில் சுவர். இடுப்பு உயரத்துக்கு 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையின் கறை. கறைக்குக் கீழே பூச்சு பொரிந்து உதிர்ந்திருந்தது. சுவரின் காலடியில் கோரை முளைத்திருந்தது. அப்பா குந்தி உட்கார்ந்து ஒன்றைப் பிடுங்கி என் விரலில் உருட்டச் சொன்னார். தண்டு உருண்டையாக இல்லை, மூன்று பட்டை. "ஈரம் நிக்கிற மண்ணுலதான் இது இப்படிச் செழிக்கும்" என்றார்.

எந்த நிலம் எதற்கு என்று சொல்லும் சென்னைப் பெருநகர வளர்ச்சித் திட்டம்தான் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்). 2008இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் நிலப்பயன்பாட்டு வரைபடத்தை வேலைக்காக எத்தனையோ முறை திறந்திருக்கிறேன். ஏரி ஏரியாகத் தெரியும். இரண்டு ஏரிக்கு நடுவில் வீடுகள் இருந்தால் குடியிருப்பு நிறம். அந்த நிறத்துக்கு அடியில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பதை நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. எனக்கு அது இப்போது பெரிய உறுத்தல்.

சாட்டிலைட் படம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நானும் ராத்திரி உட்கார்ந்து க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது பத்து மீட்டர். மூன்று மீட்டர் வாய்க்கால் அதில் சிக்காது. மே மாதப் படத்தில் சதுப்பின் ஓரம் வெறும் காய்ந்த புல். அதே இடம் டிசம்பரில் தண்ணீர், நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி. மே மாதப் படத்தை மட்டும் வைத்து வரைந்தால் அந்த ஓரம் தரிசாகிவிடும். மழை நாளில் மேகம் மறைக்கும், மேகத்தை ஊடுருவும் ரேடார் படம் வேண்டும். அதிலும் நெருக்கமான வீடுகளுக்கு நடுவே நிற்கும் வெள்ளம் சரியாகத் தெரியாது. அதனால்தான் கறை, கோரை, புலப்படம், ஊர்ப் பெரியவர்களின் நினைவு எல்லாமே வரைபடத்துக்குள் வர வேண்டும் என்கிறேன்.

பள்ளிக்கரணையை ரொம்ப காலம் உதவாத நிலமாகவே பார்த்தோம். குப்பைக் கிடங்கு, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், பறக்கும் ரயில் எல்லாம் அங்கே போயின. 2007இல் ஒரு பகுதி காப்புக்காடானது, 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சர் தலமானது, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மனசு நிறைந்த நாள் அது. ஆனால் சதுப்பைச் சுற்றி மட்டும் எல்லை போட்டால் போதாது. அதற்குத் தண்ணீர் வருவது செம்பாக்கம் போன்ற மேலே இருக்கும் ஏரிகளிலிருந்து.

அதே 2022இல்தான் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக்கினார்கள். புதிதாகச் சேர்ந்த செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்து ஊர்களில் இன்னும் ஏரிக்குக் கீழே வயல் இருக்கிறது, வாய்க்கால் கண்ணுக்குத் தெரிகிறது. மூன்றாவது முழுமைத் திட்டத்தில் அங்கெல்லாம் மனைக்கு நிறம் பூசுவதற்கு முன்னால் கலங்கலிலிருந்து அடுத்த ஏரி வரை கோட்டை வரைந்துவிட வேண்டும். அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும், மழைக்காலத்தில் தண்ணீர் பரவும் அளவுக்கு இடம் விட வேண்டும்.

நாங்கள் நடந்து தேடும் வாய்க்கால் கோட்டில் இன்னும் இரண்டு தெரு விட்டுப்போயிருக்கிறது. கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளைப் பக்கம் இருப்பவர்கள் வீட்டுப் பழைய பத்திரத்தை எடுத்து நான்கு மால் (நாலு பக்க எல்லை) எழுதியிருக்கும் பத்தியைக் கொஞ்சம் படியுங்கள். "வாய்க்காலுக்குத் தெற்கு" என்று எங்காவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.