ஸ்பான்சர்ஷிப் தேவையா என்ற கேள்வியும் என் டிரெய்னிங் கான்ட்ராக்டும்

இங்கிலாந்தில் சட்ட நிறுவனங்களின் விண்ணப்பப் படிவத்தில் பெயர், மதிப்பெண் எல்லாம் முடிந்த பிறகு ஒரு கேள்வி வரும்: ‘இப்போதோ பின்னாளிலோ உங்களுக்கு விசா ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா?’ அதாவது, இங்கே வேலை விசா பெற நிறுவனம் உங்களுக்குப் பொறுப்பேற்க வேண்டுமா என்பது. 2022 இலையுதிர் காலத்தில், எல்.எல்.பி. கடைசி ஆண்டில் இருந்தபோது, அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று டிக் செய்தேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. படிப்பு முடிந்தால் இரண்டு ஆண்டு கிராஜுவேட் விசா கிடைக்கும், அதில் எந்த வேலையும் செய்யலாம், அப்படியென்றால் இப்போதைக்குத் தேவையில்லைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ‘பின்னாளிலோ’ என்ற சொல்லைக் கண் பார்த்தது, மனம் தாண்டிப் போய்விட்டது.

தர்க்கச் சிந்தனையைச் சோதிக்கும் வாட்சன் கிளேசர் தேர்வு, வீடியோ நேர்காணல், அசெஸ்மென்ட் சென்டர் என்ற ஒரு முழுநாள் தேர்வுச் சுற்று எல்லாம் தாண்டினேன். கடைசியில் மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர் போன் செய்து விசா எப்போது முடிகிறது என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. டிரெய்னிங் கான்ட்ராக்ட், அதாவது சொலிசிட்டர் என்ற வகை வழக்கறிஞராகத் தகுதி பெறுவதற்கான சம்பளத்துடன் கூடிய பயிற்சிப் பணி, இரண்டு ஆண்டு; அது தொடங்குவதோ இன்னும் இரண்டு ஆண்டு கழித்து. அதற்குள் என் விசா முடிந்துவிடும். படிவத்தில் சொன்ன பதிலும் போனில் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. அத்தோடு அந்த விண்ணப்பம் முடிந்தது. நேர்மையே அடிப்படையான ஒரு தொழிலுக்குப் போகிறவன் முதல் படிவத்திலேயே இப்படிச் செய்துவிட்டேனே என்ற வருத்தம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

2023 அக்டோபரில் கிராஜுவேட் விசா கிடைத்தது. வெஸ்ட் யார்க்‌ஷயரில் ஒரு சிறு நிறுவனத்தில் சொலிசிட்டர்களுக்கு உதவும் பாராலீகலாகச் சேர்ந்தேன். வீடு வாங்கல் விற்றல், உயில், குடும்ப வழக்கு என்று எல்லாம் வரும் இடம். நல்ல மனிதர்கள். ஒரே மாதத்தில் பார்ட்னர் கூப்பிட்டு, அடுத்த செப்டம்பரில் டிரெய்னியாக எடுத்துக்கொள்கிறோம், ஆண்டுக்கு 25,000 பவுண்டு என்றார். வெளிநாட்டவரை ஸ்பான்சர் செய்து வேலைக்கு எடுக்க அரசு தரும் லைசென்ஸும் அவர்களிடம் இருந்தது. அன்று இரவு சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

2023 டிசம்பர் 4 அன்று அரசு புதிய குடியேற்ற விதிகளை அறிவித்தது. நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் வேலை விசாவான ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கான குறைந்தபட்ச ஊதியம் 26,200 பவுண்டிலிருந்து 38,700-ஆக உயரும் என்பதுதான் செய்திகளில் பெரிதாக வந்தது. என்னைப் போன்றவர்களைத் தொட்டது இன்னொரு எண். 26 வயதுக்குக் குறைந்தவர்கள், மாணவர் அல்லது கிராஜுவேட் விசாவிலிருந்து மாறுகிறவர்கள் போன்றோருக்கு ‘நியூ என்ட்ரன்ட்’ என்று ஒரு சலுகை அளவு உண்டு. அது 20,960-இலிருந்து 30,960-ஆகப் போனது. நடைமுறைக்கு வந்தது 2024 ஏப்ரல் 4. என் வேலை தொடங்குவதோ செப்டம்பரில். வேலை தொடங்கும் நாளுக்கு மூன்று மாதத்துக்கு மேல் முன்னதாக விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது, அதனால் பழைய விதிக்குள் நுழைய வழியே இல்லை. ஏற்கெனவே இருக்கும் இரண்டு டிரெய்னிகளுக்கு 25,000 கொடுத்துக்கொண்டு எனக்கு மட்டும் ஆறாயிரம் கூட்டித் தருவது நியாயமில்லை என்று பார்ட்னர் சொன்னார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அவர் அறையை விட்டு வெளியே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்ததும் கை நடுங்கியது.

அங்கே சொலிசிட்டராக இருந்த ஒரு தமிழ் அக்காதான் என்னை நிமிர்த்தினார். “தம்பி, நல்ல நிறுவனமான்னு அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல லைசென்ஸ் இருக்கா பாரு, சம்பளம் எல்லையைத் தாண்டுதா பாரு, அப்புறம் தேதியைப் பாரு. மூணும் சரியா இருந்தா மட்டும் படிவத்தைத் திற” என்றார். அதுவரை நூறு நிறுவனங்களைப் பட்டியல் போட்டுக்கொண்டு கண்ணை மூடி விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். அன்றோடு நிறுத்தினேன்.

லைசென்ஸ் உள்ள நிறுவனங்களின் பதிவேட்டை அரசே இணையத்தில் வெளியிடுகிறது. இறக்கிக்கொண்டு தேடலாம். வாசல் பலகையில் இருக்கும் பெயரில் தேடினால் சில சமயம் கிடைக்காது, LLP (கூட்டு நிறுவன வகையைக் குறிக்கும் எழுத்துகள், பட்டப்படிப்பு அல்ல) என்று முடியும் சட்டப்பூர்வப் பெயரில் தேட வேண்டும். இரண்டு நல்ல நிறுவனங்களை இந்த ஒரு காரணத்தால் முதலில் கழித்துவிட்டு, பிறகு திரும்பச் சேர்த்தேன். சம்பளத்தைப் பொறுத்தவரை, சொலிசிட்டர்களின் அமைப்பான சட்டச் சங்கம் டிரெய்னிகளுக்குப் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச ஊதியமே விசா எல்லைக்குக் கீழேதான் இருக்கிறது. 2025 ஜூலை 22 முதல் நியூ என்ட்ரன்ட் அளவு 33,400 பவுண்டு. இல்லையென்றால் அந்த வகை வேலைக்கு அரசு வைத்திருக்கும் ஊதியத்தில் 70 சதவீதம். இரண்டில் எது கூடுதலோ அதுதான் கணக்கு. ஆகவே சிற்றூர் நிறுவனங்களில் எவ்வளவு மனம் இருந்தாலும் பல நேரம் வழி இருக்காது. இது எனக்கு இன்றும் வலிக்கிற விஷயம். உயில், குடும்ப வழக்கு வேலைதான் எனக்குப் பிடித்திருந்தது.

இந்த முறை படிவத்தில் ‘ஆம், தேவைப்படும்’ என்று டிக் செய்தேன். கீழே இடம் இருந்தால் ஒரே வரி எழுதுவேன்: கிராஜுவேட் விசா 2025 அக்டோபர் 9 வரை, அதன் பிறகு ஸ்கில்டு வொர்க்கர், நியூ என்ட்ரன்ட் அளவுக்குத் தகுதி உண்டு. எட்டே விண்ணப்பங்கள். லண்டனில் ஒரு நடுத்தர நிறுவனத்தில் 2024 ஜூனில் இரண்டு வார வேகேஷன் ஸ்கீம் (விடுமுறைக்கால வேலை அனுபவம்), ஜூலையில் வேலை உறுதி. ஊதியம் எல்லையை நன்றாகவே தாண்டியது. ஆனால் தொடக்கம் 2026 செப்டம்பர்.

இங்கேதான் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நியூ என்ட்ரன்ட் சலுகை மொத்தம் நான்கு ஆண்டுதான், அதில் கிராஜுவேட் விசாவில் கழித்த காலமும் சேரும். இது பலருக்குத் தெரிவதில்லை. மனிதவளப் பிரிவில் இருப்பவர்களுக்கும் எப்போதும் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு ஆண்டு கிராஜுவேட், இரண்டு ஆண்டு டிரெய்னிங், அத்தோடு தீர்ந்தது. 2026-இல் தொடங்கினால் நடுவில் பதினொரு மாதம் நான் எந்த விசாவில் இருப்பது? நாட்டை விட்டுப் போய், வெளியிலிருந்து விண்ணப்பித்துத் திரும்பி வர வேண்டும். 2025 செப்டம்பரில் தொடங்கினால் எல்லாம் உள்ளே அடங்கும், கடைசியில் ஐந்து வாரம் மிச்சமிருக்கும்.

ஒரு பக்கத்தில் தேதிகளை மட்டும் வரிசையாக எழுதி, ஓராண்டு முன்னால் சேர முடியுமா என்று கேட்டு அனுப்பினேன். கெஞ்சவில்லை, கதையும் சொல்லவில்லை. பதில் வர மூன்று வாரம் ஆனது. 2025 அணியில் ஒருவர் தள்ளிப்போட்டிருந்தார், அந்த இடம் எனக்குக் கிடைத்தது. அதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் கேட்காமல் இருந்திருந்தால் அந்த இடம் இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

சொலிசிட்டர் ஆவதற்கான தகுதித் தேர்வான எஸ்.க்யூ.இ.-க்குப் படிப்பதில் ஒரு சிக்கல் வந்தது. நிறுவனம் வழக்கமாக அனுப்புவது முதுகலைப் பட்டத்தோடு சேர்ந்த படிப்புக்கு. மாணவர் விசாவுக்குத் தகுதியான படிப்பைக் கிராஜுவேட் விசாவில் இருந்துகொண்டு படிக்க முடியாது. பட்டம் இல்லாத பகுதிநேரத் தயாரிப்பு வகுப்புக்கு மாற்றித் தரச் சொல்லி, மாலையிலும் வார இறுதியிலும் படித்தேன். முதல் கட்டத்தில் 180 கேள்விகள் வீதம் இரண்டு தாள். அதைப் பற்றிப் பிறகு தனியாக எழுத வேண்டும்.

2025 ஆகஸ்டில், விசா விண்ணப்பத்துக்கு நிறுவனம் தர வேண்டிய ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் வந்தது. அதற்கான 525 பவுண்டையும் வெளிநாட்டு ஊழியரை எடுப்பதற்காக அரசு வாங்கும் குடியேற்றத் திறன் கட்டணத்தையும் நிறுவனம்தான் கட்ட வேண்டும், ஊழியரிடம் வசூலிக்கக் கூடாது. யாராவது உங்களிடம் கேட்டால் உடனே விழித்துக்கொள்ளுங்கள். விசா கட்டணம் 885 பவுண்டையும் நிறுவனமே தந்தது. மருத்துவச் சேவைக்கான கூடுதல் கட்டணம், ஆண்டுக்கு 1,035 பவுண்டு, நான் கட்டினேன். பாராலீகல் சம்பளத்தில் ஓராண்டாக அதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தேன். விண்ணப்பித்த பிறகு முடிவு வரும்வரை வெளிநாடு போனால் விண்ணப்பம் தானாக ரத்தாகிவிடும். குடும்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. செப்டம்பர் 1, திங்கட்கிழமை, பழைய விசாவிலேயே வேலையில் சேர்ந்தேன், அது செல்லும். மூன்றாவது வாரத்தில், சொத்துப் பிரிவில் ஒரு குத்தகை ஒப்பந்தத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, முடிவு மின்னஞ்சலில் வந்தது. பக்கத்து மேசைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

என்னிடம் கேட்கிற தம்பி தங்கைகளுக்கு இன்னும் சில. முதுகலை படிக்கிறவர்களுக்குக் கோடைக்காலம் பெரும்பாலும் விடுமுறை இல்லை, ஆய்வேடு முடியும்வரை வாரம் 20 மணி நேர வரம்பு தொடரும். முழுநேர வேகேஷன் ஸ்கீமில் சேருமுன் பல்கலைக்கழகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் பெரும்பாலோருக்குக் கிராஜுவேட் விசா 18 மாதம்தான், ஆகவே என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தியாவில் ஏற்கெனவே வழக்கறிஞராகப் பதிவு செய்தவர்களுக்கு டிரெய்னிங் கான்ட்ராக்டே தேவையில்லை, எஸ்.க்யூ.இ. எழுதினால் மற்றவர்களிடம் கேட்கும் இரண்டு ஆண்டு பணி அனுபவத்தை இங்கே கேட்பதில்லை. பாராலீகல் வேலையையே தகுதி அனுபவமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு, கான்ட்ராக்டே இல்லாமல் சொலிசிட்டர் ஆன தோழி ஒருத்தியும் எனக்கு உண்டு.

என் சலுகைக் காலம் 2027 அக்டோபரில் முடிகிறது, டிரெய்னிங் ஆகஸ்டில். தகுதி பெற்றதும் முழு ஊதிய எல்லையைத் தாண்ட வேண்டும். போன வாரம் மனிதவளப் பிரிவுக்கு எழுதி, புதிதாகத் தகுதி பெறுகிற சொலிசிட்டருக்கான ஊதியம் அந்த எல்லைக்கு மேலே இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.